பல்லில் குறையில்லை, வலி மட்டும் ஏன்?



சரக்கை நிறுத்தால் எடை சரியாக இருக்கும். சிட்டையும் சரியாக இருக்கும். ஆனாலும் இரவு கல்லாப்பெட்டியை எண்ணும்போது கணக்கு எங்கோ உதைக்கும். சென்ற ஆண்டு என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று அப்படித்தான் உதைத்தது. பெரிய வலி இல்லை. சாப்பிடும்போது மட்டும் இலேசாக ஒரு சுருக்.

பல் மருத்துவரிடம் போனேன். பார்த்தார், தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார். "சொத்தை இல்லை, ஈறும் நன்றாக இருக்கிறது" என்றார். மகிழ்ச்சியோடு கடைக்குத் திரும்பினேன். வலி மட்டும் போகவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு மறுபடியும் போனேன். இந்த முறை அவர், "நீங்கள் என்ன வியாபாரம் செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நிலக்கடலையும் பருப்பும் புளியும் என்றேன். சரக்கு காய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்றார். கடித்துத்தான் பார்ப்போம் என்றேன். மண்டியில் நாற்பது ஆண்டுகளாக நான் கற்ற வித்தை அது. 'கடக்' என்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். இடையில் கல்லும் சிக்கும். மருத்துவர் ஒரு சிறு குச்சியைக் கொடுத்துப் பல்லின் ஒவ்வொரு முனையிலும் கடிக்கச் சொன்னார். ஓரிடத்தில், கடித்துவிட்டுப் பிடியை விட்டதும் சுளீர் என்றது. பல்லில் மயிரிழை விரிசல்! இப்படிப்பட்ட விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம். கேப் போட்டு மூடினார். விரிசல் வேர் வரை இறங்கியிருந்தால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றி விசாரித்தேன். சொத்தை இல்லாமலும் பல் வலிக்கப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பல நம் தொழிலோடு ஒட்டியவை.

தண்ணீர் மேல் பழி

நம் தருமபுரி மாவட்டத்தில் பல் என்றாலே தண்ணீரைத்தான் குற்றம் சொல்வோம். அதில் நியாயமும் உண்டு. பாறையிலிருந்து கரைந்து வரும் புளோரைடு நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்திலும் 1.5ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் புளோரைடு பல்லைக் கறையாக்குவது, குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும் காலத்தில்தான். அறுபது வயதில் புதிதாக வரும் வலிக்கு அந்தக் கறை காரணமாவது குறைவு. கறை மிக முற்றி, மேல்பூச்சு பெயர்ந்த பல்லில்தான் கூச்சம் வரும். எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட்டுவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

புளியும் தூசியும் கவலையும்

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் புளியை நாளெல்லாம் வாயில் போட்டுப் பார்ப்பவர்கள் நாம். புளிப்பு பல்லின் மேல்பூச்சைச் சிறிது சிறிதாக அரிக்கும். அதன் மேல் அழுத்தித் தேய்த்துத் துலக்கினால் ஈறு இறங்கி, வேர் வெளியே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுளீர் என்று வந்து உடனே அடங்கினால் பெரும்பாலும் இதுதான். புளி சுவைத்ததும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம்.

மிளகாய் மண்டியில் இருப்பவர்களுக்கு மூக்கடைப்பு பழகிப்போன ஒன்று. கன்ன எலும்புக்குள் ஒரு காற்றறை இருக்கிறது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் அதன் அடியில்தான் இருக்கின்றன. அங்கே சளி கட்டினால் இரண்டு மூன்று மேற்பற்கள் சேர்ந்து வலிக்கும். மூட்டையைத் தூக்கக் குனிந்தால் வலி கூடும். இதற்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலையில் எழும்போதே தாடையும் நெற்றிப்பொட்டும் வலித்தால், இரவில் பல்லை நெறிக்கிறீர்களா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். வராத நிலுவையும் மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்கும் நம்மைத் தூக்கத்திலும் விடுவதில்லை. இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ளும் உறை ஒன்றை மருத்துவர் செய்து தருவார்.

இதை மட்டும் மறக்காதீர்கள்

எங்கள் கடைத்தெரு நண்பர் ஒருவருக்குக் கீழ்த்தாடையில் வலி. பல்லைக் காட்டினார், குறையில்லை என்றார்கள். கிட்டங்கி ஏணியில் ஏறும்போது வரும், உட்கார்ந்தால் போகும். 'பல்தானே' என்று இரண்டு மாதம் ஓட்டினார். கடைசியில் இ.சி.ஜி. எடுத்தபோதுதான் அது பல்லின் வலியல்ல, இதயத்தின் வலி என்று தெரிந்தது. இரத்தக் குழாயில் அடைப்பு. நல்ல வேளையாக இன்றும் கடையில் இருக்கிறார்.

உழைக்கும்போது தாடை வலித்து, ஓய்வில் அடங்கினால் உடனே இதயத்தைப் பரிசோதியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலிக்காமலே இப்படி வரலாம். வியர்வை, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் கடையிலேயே கிராம்பு இருக்கிறது என்று கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றாதீர்கள், ஈறு வெந்துவிடும். வலி மாத்திரையைப் பல்லிடுக்கில் அடக்குவதும் அப்படியே. தினம் ஒரு மாத்திரை போட்டு வலியை அமுக்குவது, கெட்டுப்போன சரக்கின் மேல் நல்ல சரக்கைக் கொட்டி மூடுவதற்குச் சமம்.

வலி எந்தப் பக்கம், எப்போது, எதனால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு வாரம் சிட்டையில் குறித்து வையுங்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் தொழிலையும் சொல்லுங்கள். நான் முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

இப்போது கடலையைக் கையால் உடைத்துப் பார்க்கிறேன். வித்தை கொஞ்சம் குறைந்தாலும் பல் மிஞ்சியிருக்கிறது.