சன்னாநல்லூர்க்காரர் பார்த்த நீண்ட இரவு

என் அருமைக் குட்டி விஞ்ஞானியே!

"சூரியனே உதிக்காத ஊர் உண்டா மாமா?" என்று கேட்டிருந்தாய். சபாஷ்! சுமார் 2 மாதம் சூரியன் உதிக்காத இடம் உண்டு. அங்கே போய் ஒரு குழுவுக்கே தலைவராக இருந்தவர் நம் காவிரி டெல்டாக்காரர்.

திருவாரூர் மாவட்டத்தில், நன்னிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது சன்னாநல்லூர். அதுதான் கர்னல் கணேசனின் சொந்த ஊர். 1980களின் பிற்பகுதியில், தென் துருவத்தைச் சுற்றியுள்ள அண்டார்டிகாவில் இருந்த 'தட்சிண கங்கோத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையத்தில், குளிர்காலக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார்.

அங்கே ஏன் அவ்வளவு நீண்ட இரவு? சாய்ந்து சுற்றும் பம்பரத்தைப் பார்த்திருப்பாய். பூமியும் 23.5 டிகிரி சாய்ந்தே சுற்றுகிறது. நம் வயலில் குறுவை தொடங்கும் ஜூன் மாதத்தில், தென் துருவம் சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருக்கும். அதனால் அந்த நிலையத்தில் சுமார் 2 மாதம் சூரியன் தலைகாட்டாது. புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு தரம் படி.

குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போகும். கடல் உறைந்துவிடும். அடுத்த கோடை வரை கப்பல் வராது. பனிப்புயல் வீசினால் நீட்டிய கையே தெரியாது. தீ பிடித்தாலும் பேராபத்து. ஏனென்றால் காற்று வறண்டது; குடிக்கும் தண்ணீரையே பனியை உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் தலைவரின் வேலை என்ன? வெளியே போனவர் திரும்பினாரா என்று பார்க்க வேண்டும். சமையலையும் துப்புரவையும் முறைவைத்துப் பங்கிட வேண்டும். முகம் வாடியவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

1915இல் ஷாக்கிள்டன் என்ற துருவப் பயணியின் 'எண்டூரன்ஸ்' கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கியது. அப்போது அவரும் தன் ஆட்களை இப்படித்தான் கவனித்துக்கொண்டார். கப்பலில் இருந்த 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். துருவத்தில் நல்ல தலைவர் என்றால், தன்னோடு வந்தவர்களைப் பத்திரமாகத் திருப்பி அழைத்து வருபவர்தான்.

தட்சிண கங்கோத்ரி பிறகு பனியில் புதைந்துவிட்டது. இப்போது அண்டார்டிகாவில் நமக்கு 'மைத்ரி', 'பாரதி' என்று இரண்டு நிலையங்கள் உள்ளன. அங்கே விஞ்ஞானியோடு மருத்துவர், மெக்கானிக், சமையல்காரர் எல்லோரும் வேண்டும். உனக்கு எது பிடிக்கும்? இன்றே கற்றுக்கொள்ளத் தொடங்கு, கண்ணு!