ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த வறுமை

அமெரிக்காவில் 2020-இல் 9.7 சதவீதமாக இருந்த குழந்தை வறுமை, 2021-இல் 5.2 சதவீதமாக இறங்கியது. அடுத்த ஆண்டே 12.4-க்கு ஏறிவிட்டது. அரசு உதவிகளையும் வருமானமாகச் சேர்த்துப் பார்க்கும் கணக்கெடுப்புத் துறையின் எண்கள் இவை. இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெருங்காரணம் ஒரு சட்டம்.

அந்தச் சட்டத்துக்கு முன் அங்கே பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் வரை வரிச் சலுகை இருந்தது. ஆனால் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு, 2,500 டாலருக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட் என்ற கணக்கில்தான் பணம் வந்தது. ஆண்டுக்கு 9,000 டாலர் சம்பாதித்து, இரண்டு கைக்குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் தாய்க்குக் கிடைத்தது மொத்தமே 975 டாலர். லட்சம் டாலர் வாங்குபவருக்கோ அதே இரண்டு பிள்ளைகளுக்கு முழுசாக 4,000. இது என்ன நியாயம்?

இனத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் கறுப்பினக் குழந்தைகளிலும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முழுத்தொகை எட்டவில்லை. வெள்ளையர் பிள்ளைகளில் அப்படி விடுபட்டவர்கள் கால்வாசிக்கும் குறைவு. வேலைவாய்ப்பிலும் வீட்டுவசதியிலும் தலைமுறைகளாக ஒதுக்கப்பட்டவர்களின் சம்பளம் குறைவு. சம்பளத்தை அளவுகோலாக வைத்தால் அந்தப் பழைய அநீதி பிள்ளையின் தட்டுவரை வந்து சேரும்.

2021 மார்ச்சில் அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் அந்த வருமான நிபந்தனையை ஓராண்டுக்கு நீக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர், மூத்த பிள்ளைக்கு 3,000. அதில் பாதி ஜூலை முதல் டிசம்பர்வரை மாதாமாதம், பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே வந்தது. நாம் சொன்ன தாய்க்கு ஆண்டுக்கு 7,200. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு என்று சொன்ன குடும்பங்கள் குறைந்தன. கறுப்பினக் குழந்தைகளின் வறுமை சுமார் எட்டு சதவீதமாக இறங்கியது.

அதை நீட்டிக்க முயன்றபோது, இரு கட்சிகளும் 50-க்கு 50 என நின்ற செனட்டில் பைடனின் கட்சியைச் சேர்ந்த ஜோ மாஞ்சினே மறுத்தார். பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் வாதம். அந்த ஆறு மாதங்களை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர், பெற்றோர் பெருமளவில் வேலையை விட்டதாகக் காணவில்லை. திட்டம் ஆண்டோடு முடிந்தது.

2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் சலுகையை 2,200 டாலராக உயர்த்தியிருக்கிறது. வருமான நிபந்தனை அப்படியே இருக்கிறது. 9,000 டாலர் சம்பாதிக்கும் தாய்க்கு இன்றும் அதே 975 டாலர்தான்.