கண்ணாடிக் கடையில் தெரியாத நோய்

சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவர் என்றால் உங்கள் கிளினிக் கொப்பியை ஒருமுறை புரட்டுங்கள். சீனி, பிரஷர், மாத்திரை எல்லாம் இருக்கும். கண்ணுக்குள் பார்த்ததாக எங்காவது எழுதியிருக்கிறதா?

கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரைக்கு இரத்தம் போவது மிக நுண்ணிய குழாய்களால். ஆண்டுக்கணக்கில் சீனி கூடியிருந்தால் அவை நைந்து கசியும், சில அடைபடும். இரத்தம் எட்டாத விழித்திரையில் புதுக்குழாய்கள் முளைக்கும். நல்லதுதானே என்று நினைக்கவேண்டாம். லேசில் உடைகிற குழாய்கள் அவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் பரவும். முற்றினால் விழித்திரையே இழுபட்டுப் பெயரும். இத்தனைக்கும் வலி இராது. பத்திரிகை எழுத்துகூட நெடுநாள் தெளிவாகவே தெரியும்.

கண்ணாடிக் கடையில் அளப்பது பவரை. சீனி ஏறி இறங்க அதுவும் மாறும். சீனி கூடிய நாளில் செய்த கண்ணாடி பிறகு பொருந்தாமல் போவது அதனால்தான். வேண்டியது விழித்திரைப் பரிசோதனை. பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை என்றால் நோயைக் கண்டுபிடித்ததுமே ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். ஏற்கனவே சீனி உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள். கண்மணியை விரிக்கத் துளிமருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், பார்வை மங்கும். த்ரீவீலர் ஓட்டுபவரும் அன்றைக்குப் பின்சீட்டில்தான் வரவேண்டும்.

ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போகிறதே என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் நோய் முற்றிக் கண்ணுக்குள் ஊசி போடும் நிலை வந்தால் தொடக்கத்தில் மாதாமாதம் அலையவேண்டிவரும்.

லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று 1976இலேயே அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அது இருக்கும் பார்வையைக் காக்குமே தவிர, போனதை மீட்காது. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தால் உலகெங்கும் கண் அனுப்பும் நாடு நம்முடையது. ஆனால் தானக் கண்ணிலிருந்து மாற்றிவைப்பது கண்ணின் முன்பக்கப் படலத்தை மட்டுமே. விழித்திரைக்கு மாற்று இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்தப் பரிசோதனைக்குக் கட்டணமில்லை. கிளினிக்கில் யாரும் சொல்லாவிட்டால், “கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தாங்க” என்று நீங்களே கேளுங்கள். சிங்களத்தில் சொன்னது புரியாமல் தலையாட்டிக் கையெழுத்துப் போடாதீர்கள். அரச அலுவலரிடம் தமிழில் பேசிப் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பார்வையின் ஒரு பக்கம் மறைந்தாலோ மட்டும் துண்டுக்கோ கிளினிக் நாளுக்கோ காத்திருக்காதீர்கள். அன்றே கண்டி தேசிய மருத்துவமனைக்குப் போங்கள்.