"மயக்க ஊசி போட்டா திரும்ப எழுந்திரிப்பாரா டாக்டர்?" - பால் நிற மருந்து செய்யும் 10 நிமிட வேலை!

தேனி, சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வருகிறார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குக் கத்தியைவிடப் பெரிய பயம் மயக்க ஊசிதான்.

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிகளுக்கு இந்தப் பயம் குறைவு. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உள்ள ஊர் இது. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், பாட்டி விழித்திருக்கும்போதே வேலை முடிந்துவிடும். அதே பாட்டிக்குப் பித்தப்பையில் கல் என்றால் கதை வேறு. முழு மயக்கம் வேண்டும்.

அப்போது பெரும்பாலும் கையில் ஏறுவது புரோபோஃபால். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். தண்ணீரில் கரையாத மருந்து என்பதால் சோயா எண்ணெயிலும், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் லெசித்தினிலும் கலந்து வைத்திருக்கிறார்கள். ஏறும்போது கை சுரீரென எரியும். 60 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒருவருக்குச் சுமார் 120 மில்லிகிராம், அதாவது 12 மில்லி. வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. எடை பார்க்காமல் உள்ளே அனுப்ப மாட்டார்கள் என்பது இதனால்தான். இதைக் கண்டுபிடித்த குழுவின் ஜான் கிளென் அடிப்படையில் ஸ்காட்லாந்துக் கால்நடை மருத்துவர். 2018-ல் லாஸ்கர் விருது பெற்றார்.

ஊசி ஏறி அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் தூக்கம். அதோடு நிறுத்திவிட்டால் 10 நிமிடங்களுக்குள் விழிப்பு வந்துவிடும். அதற்குள் மருந்து உடம்பைவிட்டுப் போய்விட்டதா? இல்லை. இங்கேதான் சுவாரஸ்யம். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நேரத்துக் கூட்டம் முதலில் வைகைக் கரையில் முண்டியடிக்கும், பிறகு தெருக்களுக்குள் கலைந்துபோகும். ஆனால் ஊரைவிட்டுப் போயிருக்காது. ரத்தம் அதிகம் பாயும் மூளைக்கு மருந்து முதலில் போகிறது. பிறகு தசைகளுக்கும் கொழுப்புக்கும் நகர்கிறது. மூளையில் அளவு குறைந்ததும் கண் திறக்கிறது. பெரிய ஆபரேஷன் என்றால் அந்த விழிப்பு வராமலிருக்க வாயுவோ, தொடர்ந்து சொட்டும் மருந்தோ கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதை நிறுத்தினால்தான் எழுவார். "எழுந்திரிப்பாரா?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

புரோபோஃபாலுக்கு முன்பு பல ஆண்டுகள் கோலோச்சியது தியோபென்டோன். 1934-ல் முதன்முதலாக மனிதர்களுக்குப் போடப்பட்ட மஞ்சள் பொடி. ஊசி ஏறியதும் வாயில் பூண்டு வாடை அடிக்கும் என்பார்கள். விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்கு இந்த இரண்டுமே ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே கெட்டமின் கைகொடுக்கும். வலியையும் அடக்கும், மூச்சையும் பெரும்பாலும் நிறுத்தாது. ஆனால் விழிக்கும்போது விநோதக் கனவுகள் வரலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு எட்டோமிடேட். பதற்றத்தைக் குறைக்கவும், நடந்ததை மறக்கச் செய்யவும் மிடாசோலம்.

புரோபோஃபால் மூச்சையும் நிறுத்தக்கூடியது. 2009-ல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால்தான். தூக்கத்துக்காக வீட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டது. தியேட்டரில் அதே மருந்து தினமும் போடப்படுகிறது. அங்கே மூச்சையும் ஆக்ஸிஜன் அளவையும் நொடிக்கு நொடி பார்க்க ஒரு மயக்கவியல் மருத்துவர் தலைமாட்டிலேயே நிற்கிறார்.

மருந்தைவிட ஆபத்தானது பல நேரம் பாசம்தான். "புள்ள பசியா இருக்கே" என்று ஒரு டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இட்லி, பால் என்றால் 6 மணி நேர இடைவெளி, தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2 என்பது பொதுவான கணக்கு. முந்தின ராத்திரி கறிதோசை வேண்டாமே! கொழுப்பு உணவு செரிக்க 8 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

இன்னொன்று, "குடிப்பீங்களா?" என்று டாக்டர் கேட்கும் கேள்வி. மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்க, எந்த அப்பா உண்மையைச் சொல்வார்? தினமும் குடிப்பவருக்கு வழக்கமான அளவு போதாமல் போகலாம். கல்லீரல் கெட்டிருந்தால் கணக்கே மாறும். குடும்பத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டால் டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார். சாப்பிடும் பிரஷர், சுகர் மாத்திரைகள், நாட்டு மருந்து, பழைய அலர்ஜி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டைகளைப் பையிலேயே எடுத்துப் போவது நல்லது.

அன்றே வீடு திரும்பும் சின்ன ஆபரேஷன் என்றாலும், உடம்பின் சந்துபொந்துகளில் மருந்து இன்னும் இருக்கும். 24 மணி நேரத்துக்கு வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். கையெழுத்துப் போட வேண்டிய பத்திரம் ஏதாவது இருந்தால் அதையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.