தீராநோயும் மருந்து விளம்பரமும்

நோய் குணமாதல் வேறு. நோய் கட்டுப்படுதல் வேறு. கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் ‘சீனி வருத்தம்’ என மக்கள் வழங்கும் நீரிழிவு பெரும்பாலார்க்குக் கட்டுப்படும் நோயேயன்றி அடியோடு நீங்கும் நோயன்று. உடல் எடையைப் பெரிதும் குறைத்த சிலரிடம் மருந்தின்றியே சீனி அடங்கியிருப்பதுண்டு. எனினும், அவரும் பரிசோதனையைக் கைவிடலாகாது.

1922ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் நின்றோரை மீட்ட அம்மருந்தைக் கண்டவருள் முதல்வரான பான்ரிங், 1925இல் ஆற்றிய நோபல் பரிசுரையில், இன்சுலின் நீரிழிவைக் குணமாக்குவதன்று, அதற்கான சிகிச்சையே எனத் தெளிவாகக் கூறினார். கண்டுபிடித்தவரே சொல்லத் துணியாத சொல்லை விற்பவர் எளிதிற் சொல்லிவிடுகின்றனர்.

அச்சொல் மக்களிடம் எடுபடுவது ஏன்? தீராநோய் பல ஆண்டுகள் வலியின்றியே உள்ளிருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரிக்கும். மருந்தினால் இரத்தச் சீனி சீராயிருக்கும் நாளில் ‘வருத்தம் போய்விட்டது’ என நோயாளி எண்ணுவது இயல்பு. நாள்தோறும் மருந்துண்ணும் சலிப்பும் செலவும் அவ்வெண்ணத்திற்குத் துணை நிற்கும். ‘வேரோடு அகற்றும்’ என்னும் விளம்பரம் அவ்வேளையிலேதான் காதில் விழுகிறது. விளம்பர மருந்து தன்னளவில் தீங்கற்றதாயினும், அதனை நம்பி உரிய மருந்தை நிறுத்துவதே பெருங்கேடு. இன்சுலினையே நம்பி உயிர்வாழும் முதல்வகை நீரிழிவாளர் அதனை நிறுத்தினால், சில நாள்களுக்குள் குருதியில் அமிலம் பெருகி உயிருக்கே இறுதி நேரலாம்.

இஃது ஒரு வைத்திய முறைக்கு மட்டும் உரிய குற்றமன்று. பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909இல் வெளியிட்ட நூலொன்று, அந்நாட்டில் விற்ற இரகசிய மருந்துகளை ஆய்ந்து, அவற்றின் மலிவான உட்பொருள்களை அம்பலப்படுத்தியது.

இலங்கையில் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஆயினும், தமிழகத் தொலைக்காட்சியும் இதழ்களும் இங்குள்ள இல்லங்களுக்கும் வருவதால், இந்தியச் சட்டத்தின் கதை இந்நாட்டாருக்கும் அயலதன்று. நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை அந்நாடு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தடுத்தது. அது பேச்சுரிமையைப் பறிப்பதென ஹம்தர்த் தவாகானா என்னும் யுனானி மருந்து நிறுவனம் வழக்காடியது. இத்தகைய விளம்பரம் கருத்துரையன்று, வாணிகமே என்று 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், பட்டியலில் நோய்களை வரம்பின்றிச் சேர்க்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்த பகுதியை அது செல்லாதென்றது. 1963இற் சட்டம் திருத்தப்பட்டது.

அச்சட்டம் இருந்தும், 2022இல் பதஞ்சலி நிறுவன விளம்பரங்களுக்கு எதிராக இந்திய மருத்துவச் சங்கம் அதே நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. 2023 நவம்பரில் அந்நிறுவனம் அளித்த உறுதிமொழி காக்கப்படவில்லை. 2024 பெப்ரவரியில் அவமதிப்பு அறிவித்தல் பிறந்தது. ஏப்ரலில் 67 பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியாயிற்று. விளம்பரங்கள் எவ்வளவு பெரியனவோ மன்னிப்பும் அவ்வளவு பெரியதா என நீதிபதிகள் வினவினர். மறுநாள் அது பெரிதாக மீண்டும் அச்சாயிற்று. அம்மன்னிப்பை ஏற்று 2024 ஆகஸ்ட் 13இல் அவமதிப்பு வழக்கு முடிக்கப்பட்டது. விளம்பரத்தை நம்பி மருந்தை நிறுத்தியோர் எத்தனை பேர் என்பது அவ்வழக்கில் ஆராயப்பட்ட பொருளன்று.