லாரியின் நேரத்துக்கு யார் விலை தருவது?

இந்தியாவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் சரக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு சாலை வழியாகவே செல்கிறது. சிமென்ட் மூட்டை முதல் சமையல் எரிவாயு வரை, ஜவுளிப் பொதி முதல் கோழிப்பண்ணை முட்டை வரை எதுவும் லாரி இல்லாமல் நுகர்வோரை எட்டுவதில்லை. இவ்வளவு பெரிய பணியைச் சுமக்கும் தொழிலோ, பெரும்பாலும் ஐந்து வண்டிகளுக்கு மேல் வைத்திராத சிறு உரிமையாளர்களின் கையில் இருக்கிறது. அவர்களுக்கு வேலை தருவோரோ சிமென்ட், உருக்கு, எண்ணெய், நுகர்பொருள் ஆகிய துறைகளின் பெருநிறுவனங்கள். டீசல் விலை, சுங்கக் கட்டணம், ஓட்டுநர் பற்றாக்குறை என்று வழக்கமாகப் பேசப்படும் சிக்கல்கள் உண்மையானவையே எனினும், அவற்றின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது சரக்கு அனுப்புவோருக்கும் லாரி உரிமையாளருக்கும் இடையிலான உறவுதான். அந்த உறவில் லாரியின் நேரத்துக்கும் உரிமையாளரின் முடங்கிய பணத்துக்கும் விலை குறிக்கப்படாமல் விடப்படுவதே இத்தொழிலின் அடிப்படைக் குறை.

இடையில் நிற்கும் கைகள்

ஒரு தொழிற்சாலையின் சரக்கு நேரடியாக லாரி உரிமையாளரிடம் வந்து சேர்வது அரிது. தொழிற்சாலை முதலில் ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனத்துடன் ஆண்டு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. அந்நிறுவனம் தன்னிடமுள்ள சொந்த வண்டிகள் போதாதபோது புக்கிங் அலுவலகங்களையும் புரோக்கர்களையும் நாடுகிறது. அவர்கள் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற லாரி ஊர்களிலிருந்து வந்து சரக்குக்காகக் காத்திருக்கும் வண்டிகளை அமர்த்துகிறார்கள். ஒவ்வொரு கையும் தனக்குரிய கமிஷனை எடுத்துக்கொள்வதால், தொழிற்சாலை கொடுக்கும் வாடகைக்கும் வண்டி உரிமையாளர் பெறும் வாடகைக்கும் இடையே கணிசமான இடைவெளி விழுகிறது. டிரான்ஸ்போர்ட் நிறுவனம் வழங்கும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதுதான் சரக்கு ஒப்படைக்கப்பட்டதற்கான சட்டச் சான்று. ரசீதில் இருப்பது நிறுவனத்தின் பெயர், சாலையில் இழப்பைச் சந்திப்பது பெரும்பாலும் வண்டி உரிமையாளர்.

இடைக்கைகள் பயனற்றவர்கள் என்று சொல்லிவிட முடியாது. முகமறியாத ஓர் ஓட்டுநரிடம் பல லட்சம் ரூபாய்ச் சரக்கை ஒப்படைக்கும் தொழிற்சாலைக்குப் பொறுப்பேற்க ஒருவர் தேவைப்படுகிறார். தில்லியில் சரக்கை இறக்கிவிட்டு வெற்று வண்டியுடன் நிற்கும் ஓட்டுநருக்கு ரிட்டர்ன் லோடு பிடித்துத் தருவதற்கும் ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் தகவல் முழுவதும் இடையிலிருப்பவரிடம் தேங்கியிருக்கும்வரை பேரம் பேசும் வலிமையும் அவரிடமே தங்கிவிடுகிறது.

வாடகை ஏன் உயர்வதில்லை

செலவு உயர்ந்தால் விலையும் உயரும் என்ற பொது விதி லாரி வாடகைக்கு எளிதில் பொருந்துவதில்லை. இத்தொழிலுக்குள் நுழைவது எளிது, வெளியேறுவது கடினம் என்பதே அதற்குக் காரணம். வங்கிகள் கடன் தரத் தயங்கிய காலத்தில், 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்ற நிறுவனங்கள் பழைய லாரி வாங்குவதற்கும் கடன் கொடுத்தன. ஓட்டுநர்களாக இருந்தவர்கள் உரிமையாளர்களாக உயர இது வழிவகுத்தது. இதே கடனுக்கு மறுபக்கமும் உண்டு. மாதத் தவணை கட்ட வேண்டியவர், வண்டியை நிறுத்தி வைப்பதைவிடக் கட்டுப்படியாகாத வாடகைக்காவது ஓட்டுவது மேல் என்று கணக்கிடுகிறார்; பலர் இவ்வாறு கணக்கிடும்போது சந்தை வாடகை முழுவதுமே தாழ்ந்துவிடுகிறது.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட அச்சு எடையை, அதாவது ஒவ்வொரு அச்சும் தாங்கலாம் என்று சட்டம் வகுத்த பாரத்தை, உயர்த்தியபோது இந்நிலை மேலும் தெளிவாயிற்று. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. கூடுதல் பாரம் ஏற்றும் உரிமை தனி உரிமையாளருக்கு ஆதாயமாகத் தோன்றினாலும், நாட்டிலுள்ள லாரிகளின் மொத்த ஏற்றுதிறன் பெருகியபின் சரக்கு அதே அளவில் பெருகாததால், அதன் பயன் வாடகைக் குறைவாகச் சரக்கு அனுப்புவோரிடமே போய்ச் சேர்ந்தது.

இயக்கச் செலவில் ஏறத்தாழ பாதியை விழுங்கும் டீசலின் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2017 ஜூன் முதல் விலை நாள்தோறும் மாற்றியமைக்கப்படும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆண்டு முழுவதற்கும் ஒரே வாடகையை ஒப்புக்கொண்ட போக்குவரத்தாளருக்கு, நாள்தோறும் மாறக்கூடிய எரிபொருள் விலை பெரும் இடராகிறது. டீசல் விலை குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வாடகையும் தானாக மாறும் என்ற விதியைப் பெரிய ஒப்பந்தங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் புரோக்கர் வழியாக வாய்மொழியில் முடிவாகும் வாடகையில் அத்தகைய பாதுகாப்பு எதுவும் இல்லை. 2018 ஜூலை 20 அன்று தொடங்கி எட்டு நாள் நடந்த நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகளில் டீசல் விலையும் சுங்கக் கட்டணமும் இடம்பெற்றது இந்தப் பின்னணியில்தான்.

வாசலில் கழியும் நாள்கள்

லாரி ஈட்டுவது சக்கரம் சுழலும்போது மட்டுமே. செலவோ நின்றாலும் ஓடுகிறது. தவணை, காப்பீடு, வரி, பெர்மிட், ஓட்டுநரின் படி ஆகியவை வண்டி தொழிற்சாலை வாசலில் வரிசையில் நிற்கும் நாளுக்கும் சேர்ந்தே ஏறுகின்றன. ஒரு நடை ஆறு நாளில் முடிந்தால் மாதத்துக்கு ஐந்து நடை ஓட்டலாம். ஏற்றுமிடத்தில் ஒரு நாளும் இறக்குமிடத்தில் ஒரு நாளும் வீணானால் எட்டு நாளாகி, மாதத்துக்கு நான்கு நடைகூட முழுமையாக அமையாது. வருவாயில் நான்கிலொரு பங்கு இவ்வாறு கரைந்துபோவதற்குச் சாலையோ டீசலோ காரணமில்லை. கிடங்கில் இடமில்லாததும், மூட்டை இறக்க ஆளில்லாததும், பொருள் பெறுவோர் தம் கடைக்குத் தேவைப்படும்வரை லாரியையே கிடங்காகப் பயன்படுத்திக்கொள்வதுமே காரணம்.

இவ்வாறு காத்திருப்பதற்கு ஈடாகத் தரப்படும் தொகை ஹால்டிங் எனப்படுகிறது. ஒப்பந்தங்களில் இச்சொல் இருந்தாலும், எத்தனை மணி நேரத்துக்குப் பின் கணக்குத் தொடங்குகிறது, வண்டி வாசலுக்கு வந்த நேரத்தை யார் பதிவு செய்வது என்பவை தெளிவாக இல்லாததால் தொகை கைக்கு வருவது அரிதாகிறது. ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் யாருடையவை என்ற வழக்கும் இதனுடன் சேர்ந்ததே. சரக்கு யாருடையதோ சுமைக்கூலியும் அவருடையதே என்பது லாரி உரிமையாளர் சங்கங்கள் பல மாநிலங்களில் எழுப்பிவரும் கோரிக்கை. நடைமுறையில் அக்கூலி பல இடங்களில் ஓட்டுநரின் பையிலிருந்தே போகிறது.

தாமதத்துக்கு வரிச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு எடுக்கப்பட வேண்டிய இ-வே பில் எனும் மின்னணு அனுமதிச் சீட்டு, 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லுபடியாகிறது. சீட்டை நீட்டிக்க வழியுண்டு எனினும், ஏற்றுமிடத்தில் கெடு தொடங்கிவிட்டபின் வண்டி புறப்படத் தாமதமானால், அந்த நேரத்தை ஈடுசெய்யும் அழுத்தம் முழுவதும் ஓட்டுநர்மீது விழுகிறது. அழுத்தத்துடன் இரவு முழுவதும் ஓட்டுவது விபத்தில் முடியும்போது அதன் விலை பணத்தில் அளக்கக்கூடியதன்று.

சிறியவர் பெரியவருக்குத் தரும் கடன்

சந்தையில் அன்றாடம் பேசி முடிக்கப்படும் நடைகளில் வாடகையின் பெரும்பகுதி அட்வான்ஸாகவும் மீதி பாக்கியாகவும் தரப்படுகிறது. சரக்கைப் பெற்றவர் கையெழுத்திட்ட ரசீது திரும்பி வந்தபின்தான் பாக்கி கிடைக்கும். ஒப்பந்த முறையில் டிரான்ஸ்போர்ட் நிறுவனங்களுக்குச் சரக்கு அனுப்புவோர் பணம் தர 60 முதல் 90 நாள் வரை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. டீசலுக்கும் சுங்கத்துக்கும் படிக்கும் அன்றன்றே பணம் தேவைப்படுவதால் இந்த இடைவெளியைக் கடன் வாங்கியே நிரப்ப வேண்டும். எடுத்துக்காட்டாக, பத்து லாரி வைத்திருக்கும் ஒருவர் வண்டிக்கு மாதம் நான்கு நடை, நடைக்கு 50,000 ரூபாய் என்று ஓட்டினால் மாத வருவாய் 20 லட்சம். 90 நாள் கடனில் 60 லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும். அதற்கு மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டி என்றால் 90,000 ரூபாய், அதாவது வருவாயில் நாலரை விழுக்காடு, வட்டிக்கே போகிறது. ஒரு பெருநிறுவனத்தின் நடைமுறை மூலதனத்தை அதைவிட அதிக வட்டிக்குக் கடன் வாங்கும் சிறியவர் தருகிறார் என்பதே இதன் பொருள்.

சட்டம் இதைக் கவனிக்காமலில்லை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தரப்பட வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் செலுத்தும்வரை செலவுக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் அதற்கு வலுச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைச் செய்துகொண்ட லாரி நிறுவனம் இவற்றைக் கோரலாம். ஆனால் கோரினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்ற அச்சம் சட்டத்தைவிட வலிமையாக இருக்கிறது.

சரக்கு சேதமடைந்தாலோ குறைந்தாலோ அதன் மதிப்பை வாடகைப் பாக்கியில் தாமாகவே பிடித்துக்கொள்ளும் பழக்கமும் இத்தகையதே. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக வந்து 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் இடர்க் கட்டணம் பேசப்படாதபோது போக்குவரத்தாளரின் பொறுப்பைப் பொதுவாக வாடகையின் பத்து மடங்குக்குள் வரையறுக்கின்றன. வழக்குத் தொடுக்கும் முன் சரக்குப் பதிவான நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துவழி அறிவிப்பு தரவேண்டும் என்றும் கூறுகின்றன. பாக்கியைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்த நடைமுறை தேவைப்படுவதில்லை.

சரக்கு அனுப்புவோரின் நியாயம்

குறைகள் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. காலையில் வருவதாக ஒப்புக்கொண்ட வண்டி, வேறிடத்தில் சற்றுக் கூடுதல் வாடகை கிடைத்ததும் வராமல் போவது, வழியில் சரக்கு குறைவது, வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் தொழிற்சாலை தவிப்பது ஆகியவையும் அன்றாட நிகழ்வுகளே. ஏற்றுமதிச் சரக்கு ஒரு நாள் பிந்தினால் கப்பல் தவறிவிடும் என்னும் நிலையில், சரக்கு அனுப்புவோர் அபராத விதிகளை நாடுவதில் வியப்பில்லை. அபராதம் ஒரு பக்கத்துக்கு மட்டும் விதிக்கப்படுவதே சிக்கல்.

ஒரே துறையில் வாங்குவோர் மிகச் சிலராக இருக்கும்போது இந்தச் சமனின்மை உச்சத்தை எட்டுகிறது. நாமக்கல்லை மையமாகக் கொண்ட தென்மண்டல எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்களுக்குப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றையும் விட்டால் பெரும்பாலும் வேறு வாடிக்கையாளர் இல்லை. ஒரு டேங்கரை நாளையே சிமென்ட் ஏற்ற அனுப்பவும் முடியாது. புதிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இடம்பெற்ற வண்டி வகை, மாற்று ஓட்டுநர், அபராதம் ஆகியவை தொடர்பான நிபந்தனைகளை எதிர்த்து அவர்கள் 2025 மார்ச் 27 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கி, சில நாள்களில் விலக்கிக்கொண்டார்கள். பாதுகாப்புக்காகச் சில நிபந்தனைகள் தேவைப்பட்டிருக்கலாம். எனினும் வண்டிகளை நிறுத்தும் அளவுக்குப் போக வேண்டிவந்தது உறவின் தன்மையைக் காட்டுகிறது.

செய்யத்தக்கவை

லோடும் வண்டியும் ஒன்றையொன்று கண்டுகொள்ள உதவும் பிளாக்பக் போன்ற செயலிகள் வாடகைத் தகவலை ஓரளவு வெளிப்படையாக்கியுள்ளன. ஆனால் கிடங்கு வாசலில் கழியும் நாளைச் செயலி குறைப்பதில்லை. தீர்வு ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. வண்டி வந்த நேரமும் வெளியேறிய நேரமும் இரு தரப்பும் ஏற்கும் வகையில் பதிவாக வேண்டும். குறித்த நேரத்துக்குப் பின் ஹால்டிங் தொகை கேட்காமலே கணக்கில் ஏற வேண்டும். டீசல் விலைக்கேற்ப வாடகை மாறும் விதி துணை ஒப்பந்தக்காரர் வரை இறங்கிவர வேண்டும். வராத வண்டிக்கும் ஏற்றப்படாத வண்டிக்கும் ஒரே அளவில் அபராதம் இருக்க வேண்டும். ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையும் ஓய்விடமும் உள்ள கிடங்குக்கு வண்டி எளிதில் கிடைக்கும் என்பதையும் தொழிற்சாலைகள் உணர வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலையை 1961-லேயே வகுத்திருந்தும் அது ஏட்டளவில் நிற்பதால்தான், இளைஞர்கள் இத்தொழிலைவிட்டு விலகிச் செல்கிறார்கள்.

மலிவான வாடகை என்று இன்று கணக்கில் தெரியும் தொகையில் ஒரு பகுதி உண்மையில் சிறு உரிமையாளரின் வட்டியும் ஓட்டுநரின் தூக்கமும் ஆகும். அதைத் தொழில்துறை தானே முன்வந்து விலையில் சேர்க்காவிட்டால், வண்டிப் பற்றாக்குறையாகவும் விபத்தாகவும் வேலைநிறுத்தமாகவும் அதே தொகையை ஒருநாள் வட்டியுடன் செலுத்த நேரிடும்.