பீப் சத்தத்தை நம்பாதீங்க: ஃப்யூயல் ட்யூனரும் ஒரு எர்த் போல்ட்டும்

உங்க பைக்ல ஃப்யூயல் ட்யூனர் மாட்டியிருக்கீங்களா? இல்ல, மாட்டலாம்னு யோசிச்சுட்டு இருக்கீங்களா? அப்போ ஒரே ஒரு போல்ட்டால நான் மூணு வாரம் அலைஞ்ச கதையைப் படிச்சுடுங்க.

சேலத்துல இருந்து நாமக்கல் போற என்.எச். 44. ஆண்டகளூர் கேட் தாண்டிப் போயிட்டிருந்தேன். முன்னாடி போன லாரி வேகத்தைக் குறைச்சதும் நானும் த்ராட்டிலை விட்டேன். இன்ஜின் அப்படியே ஆஃப். பின்னாடி இன்னொரு லாரி, விடாம ஹாரன். எப்படியோ ஓரத்துக்கு உருட்டிட்டேன். கை நடுக்கம் நிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

ட்யூனர் மாட்டி ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாட்டினதும் நானேதான்.

ட்யூனர் என்ன பண்ணுது?

2020 ஏப்ரல் 1-ல இருந்து பி.எஸ். 6 விதி வந்தது. கார்புரேட்டர் போய், கிட்டத்தட்ட எல்லா பைக்குலயும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்கணும்னு ஈ.சி.யூ. முடிவு பண்ணும். பெட்ரோல் கூடுதலா, குறைவான்னு அதுக்குச் சொல்றது சைலன்சர் பைப்ல இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார். பெட்ரோல் குறைவா எரிஞ்சா சுமார் 0.1 வோல்ட், கூடுதலா எரிஞ்சா சுமார் 0.9 வோல்ட். ஈ.சி.யூ. இதை 0.45 வோல்ட்டைச் சுத்தியே வெச்சுக்கப் பார்க்கும்.

சில ட்யூனர்கள் இன்ஜெக்டர் பல்ஸை மாத்தும். சில ட்யூனர்கள் சென்சாருக்கும் ஈ.சி.யூ.வுக்கும் நடுவுல உக்காந்து சிக்னலை மாத்தும். என்னுது ரெண்டாவது வகை.

எனக்குக் கிடைச்ச துப்பு

முழு த்ராட்டில்ல வண்டி பறக்கும். ஆனா 60-ல சீரா போனா குலுங்கும், த்ராட்டிலை விட்டா நிக்கும், செக் இன்ஜின் லைட் எரியும். மேப்தான் தப்புன்னு நினைச்சேன். ஸ்பார்க் பிளக் மாத்தினேன். ஈ.சி.யூ. போயிடுச்சோன்னு பயந்து புதுசுக்கு விலைகூட விசாரிச்சுட்டேன். எர்த்தை மட்டும் நான் சந்தேகப்படலை. ஏன்னா மல்டிமீட்டரை வெச்சப்போ "பீப்"னு கத்துச்சே!

கடைசில நாமக்கல்ல ஒரு லாரிப் பட்டறை எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வண்டியைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஏங்கண்ணு, நிக்கிற வண்டில எர்த்து நல்லாத்தான் காட்டும். கரண்டு ஓடும்போது பாத்தியா?"

இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரோட கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வெச்சார். சிவப்பு முனையை ட்யூனரோட எர்த் வயர்ல வெச்சார். 0.6 வோல்ட்! அங்க கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்கணும்.

காரணம் ரொம்பச் சின்னது. பெயின்ட் அடிச்ச ஃப்ரேம் போல்ட்டுக்கு அடியில நான் எர்த் ரிங்கை முடுக்கியிருந்தேன். அந்த ட்யூனர் எடுக்கிற கரண்ட் 100 மில்லி ஆம்பியர்னு வெச்சுக்குவோம். ஓம் விதிப்படி வெறும் 6 ஓம் தடை இருந்தாலே 0.6 வோல்ட் விழும். நம்ம மீட்டரோ பத்து, இருபது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். முதல் வருஷம் படிச்ச ஃபார்முலா, நாலாவது வருஷம் ரோட்டுல புரிஞ்சது.

ஸ்டூல் மேல நின்னு உயரம் அளந்தா என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். ட்யூனரோட தரை 0.6 வோல்ட் உயர்ந்துட்டதால, அது அனுப்பின சிக்னலும் அந்த அளவுக்கு உயர்ந்துடுச்சு. 0.1 வோல்ட்டை ஈ.சி.யூ. 0.7-ன்னு படிச்சது. "பெட்ரோல் கூடிப்போச்சு"ன்னு நினைச்சு குறைச்சுக்கிட்டே போச்சு. வண்டி நின்னுச்சு. முழு த்ராட்டில்ல ஈ.சி.யூ. அந்த சென்சாரைக் கேக்காது. அதனாலதான் அப்போ மட்டும் வண்டி பறந்தது.

உங்க வண்டி இப்படிப் பண்ணா, இந்த வரிசைல பாருங்க

1. சாவியை ஆஃப் பண்ணிட்டு ட்யூனரைக் கழட்டி, கம்பெனி கப்ளர்களைப் பழையபடி மாட்டி ஓட்டுங்க. அப்பவும் அதே கோளாறுன்னா ட்யூனர் மேல பழி போடாதீங்க.

2. பேட்டரியைப் பாருங்க. ஃபுல் சார்ஜ்ல, இன்ஜின் ஆஃப்ல சுமார் 12.6 வோல்ட் இருக்கணும். இன்ஜினை ரெய்ஸ் பண்ணினா சுமார் 13.5-ல இருந்து 14.5 வரை வரணும்.

3. மேலே சொன்ன எர்த் டெஸ்ட்டை இன்ஜின் ஓடும்போதே பண்ணுங்க. 0.1 வோல்ட்டுக்கு மேல இருந்தா எர்த் சரியில்ல. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் திருப்பி, வயரிங்கை லேசா ஆட்டிப் பாருங்க. ரீடிங் குதிச்சா லூஸ் கனெக்‌ஷன் அங்கதான் இருக்கு.

4. கப்ளருக்குள்ள பின் பின்னாடி நகர்ந்திருக்கா, பச்சை பூத்திருக்கா, டேங்குக்கு அடியில வயர் நசுங்கியிருக்கா, சூடான சைலன்சரைத் தொடுதான்னு பாருங்க.

5. இது எல்லாம் சரின்னா மட்டும் மேப்பைத் தொடுங்க.

சரி பண்றது சுலபம். எர்த் வயரை நேரா பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டு போங்க. இல்லன்னா போல்ட் இடத்துல பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியவிட்டு முடுக்குங்க. வயரை முறுக்கி டேப் சுத்துறது வேண்டாம். க்ரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க. வேலையை ஆரம்பிக்கும்போது பேட்டரி நெகட்டிவைத்தான் முதல்ல கழட்டணும். டெஸ்ட் லேம்ப்பை ஈ.சி.யூ. வயர்ல வைக்கவே கூடாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். கம்பெனி கொடுத்ததை மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்பாடு வெச்சிருக்கு. வாரன்டியும் போகலாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

அந்த அண்ணன் பெயின்ட்டைச் சுரண்ட எடுத்துக்கிட்டது ஒரு துண்டு உப்புக் காகிதம், பத்து நிமிஷம். அடுத்த ஞாயிறு கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி வளைவுலயும் வண்டி ஒரு தடவைகூட நிக்கலை.

கொல்லிமலை கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களும் மீட்டரை ஒரு தடவை வெச்சுப் பாத்துடுங்க மக்களே. இன்ஜின் ஓடும்போது!